கணினிக்கும் அலுவலகத்திற்கும் ஏற்ற ஹெட்செட்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தைப் பற்றியோ இசையைப் பற்றியோ பேசுவதுதான் நம் சங்கத்தின் வழக்கம். அத்தகைய மேடையில், காதில் மாட்டிக்கொள்ளும் ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. நம் குழந்தைகள் இணையவழித் தமிழ் வகுப்பில் சேர்ந்து படிக்கவும், நம் இளைஞர்கள் வேலைக்கான நேர்முகத் தேர்வில் கலந்துகொள்ளவும் சங்கத்தின் மாடி அறையில் கணினிகள் வைப்பதென்று செயற்குழு முடிவு செய்தது. கணினிகள் வந்துவிட்டன. அவற்றோடு சேர்த்து வாங்கவேண்டிய ஹெட்செட் எது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து நிலவுகிறது.

நான் ரயில்வேயில் எழுத்தர். பத்தாம் வகுப்புத் தேறியவன், பொறியியல் கற்றவனல்லேன். ஆயினும், 2020ஆம் ஆண்டில் அலுவலகக் கூட்டங்கள் எல்லாம் காணொலிக்கு மாறியது முதல், அவற்றுக்கு வேண்டிய கருவிகளைக் கணக்கெழுதிப் பாதுகாக்கும் பொறுப்பு என்னிடம் இருந்து வருகிறது. ஆகையால் எந்தக் கருவி ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது, எது மூன்று மாதத்தில் அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது என்பதை நேரில் கண்டு வருகிறேன். அந்த அனுபவத்தோடு, படித்தும் கேட்டும் அறிந்த சிலவற்றைச் சேர்த்துச் சொல்லுகிறேன்.

முதலில் பெயர். இசை கேட்பதற்கு மட்டும் உரியது ஹெட்போன். அதனோடு வாயருகே நீண்டு நிற்கும் மைக்கும் சேர்ந்திருந்தால் அது ஹெட்செட். இதற்குத் தூய தமிழில் பெயர் கண்டவர்கள் பலர் உண்டு. எனினும் நாகபுரிக் கடைக்காரரிடம் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சொல் ஹெட்செட் என்பதே. ஆகவே நானும் அதையே ஆளுகிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள், சென்ற ஆண்டு ஒரு நேர்முகத் தேர்வை வீட்டிலிருந்தே காணொலி வழியாக எழுந்தருளியிருந்த மூன்று அதிகாரிகள் முன்னிலையில் சந்தித்தாள். காதில் விலையுயர்ந்த கருவி. தம்பி பிறந்த நாள் பரிசாகக் கொடுத்தது. தேர்வு முடிந்தபின் அந்தப் பெண் என்னிடம், "மாமா, அவர்கள் பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பேசியதுதான் அவர்களுக்குக் கேட்கவில்லையாம். 'என்ன? என்ன?' என்று ஐந்தாறு முறை கேட்டுவிட்டார்கள்" என்று சொல்லி வருந்தினாள். அறையில் ஓடிய கூலரின் இரைச்சல் அவள் குரலை மூடிவிட்டது. கேள்விக்குரிய விடை அவளிடம் இருந்தது. அது போய்ச் சேரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இந்த நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது. நாம் ஹெட்செட் வாங்கும்போது கடையில் மாட்டிப் பார்க்கிறோம், ஒரு பாட்டைப் போட்டுக் கேட்கிறோம், "ஆகா!" என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அதாவது நம் காதைக் கொண்டே தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அலுவலகத்துக்கும் நேர்முகத் தேர்வுக்கும் வேண்டிய கருவியைச் சோதிக்க வேண்டிய காது எதிரில் இருப்பவருடையது. அவருக்கு நம் குரல் எவ்வாறு போய்ச் சேருகிறது என்பதைக் கடையில் எவரும் சோதிப்பதில்லை. கடைக்காரரும் சோதிக்கச் சொல்வதில்லை.

இக்கருவியின் பிறப்பே செய்தியைத் தவறாமல் கேட்பதற்காக நேர்ந்தது. 1910ஆம் ஆண்டில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர், தம் வீட்டுச் சமையலறையில் இரண்டு கேட்பிகளைத் தலைப்பட்டையில் இணைத்து ஒரு கருவி செய்து, அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கம்பியில்லாத் தந்திச் செய்திகளைக் கேட்கும் கப்பல் பணியாளருக்கு அது பெரிதும் உதவியது. பின்னர், 1961இல் விமான ஓட்டிகள் இருவர் சேர்ந்து தொடங்கிய பிளாண்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம், விமானிகள் சுமையின்றி அணியத்தக்க எடை குறைந்த ஹெட்செட்டைச் செய்தது. 1969இல் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது பேசிய சொற்கள் அந்நிறுவனத்தின் ஹெட்செட் வழியாகத்தான் பூமிக்கு வந்தன. ரயில்வேயிலும் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் செக்‌ஷன் கண்ட்ரோலர், ஒரே இணைப்பில் வரிசையாக உள்ள நிலையங்கள் எல்லாவற்றோடும் பேசி வண்டிகளை நடத்துகிறார். கடற்படையானாலும் ரயில்வேயானாலும், ஒரு சொல் தவறாகக் கேட்டால் விளைவு என்ன என்பதை அறிந்தவர்களே இக்கருவியை வளர்த்தார்கள். பாட்டுக் கேட்கும் பழக்கம் பிறகு வந்தது.

சொல் ஏன் தவறாகக் கேட்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். மனிதச் செவி விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உணரக்கூடியது. பழைய தொலைபேசி அதில் 300 முதல் 3,400 வரையிலுள்ள பகுதியை மட்டும் எடுத்துச் சென்றது. பேச்சின் பொருள் விளங்க அது போதும். ஆனால் 'எஸ்' என்ற எழுத்தையும் 'எஃப்' என்ற எழுத்தையும் பிரித்துக் காட்டும் சீற்றொலி பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. சரக்கு அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'பி.சி.என்.' வாகனா, 'பி.டி.பி.என்.' வாகனா என்று தொலைபேசியில் இரண்டு முறை கேட்டு, பிறகு பதினோரு இலக்க வாகன் எண்ணையும் இரண்டு முறை சொல்லி எழுதுவார்கள். காது மந்தமாகிவிட்டது என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வதும் உண்டு. உண்மையில் குறை காதில் இல்லை. நடுவிலுள்ள வழி குறுகலாக இருந்தது. இன்றைய இணையவழி இணைப்புகள் இதைவிட மிக அகலமான ஒலியை எடுத்துச் செல்ல வல்லவை. அந்த அகலத்தை நாம் வாங்கும் கருவியே மீண்டும் குறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

இனி மைக். பெரும்பாலான ஹெட்செட்டுகளில் அமைந்திருப்பது எலெக்ட்ரெட் வகையைச் சேர்ந்த மிகச் சிறிய மைக். 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் இருவர் கண்டது. கடுகளவு கருவி செய்யும் வேலை பெரிது. எனினும் எவ்வளவு நல்ல மைக்காக இருந்தாலும் அது வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே முதன்மையானது. மடிக்கணினியிலுள்ள மைக் நம் வாயிலிருந்து ஏறத்தாழ 20 அங்குலம் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்செட்டின் மைக் 2 அங்குலத்தில் இருக்கிறது. தூரம் பத்தில் ஒரு பங்கானால் அதை வந்தடையும் குரலின் ஆற்றல் நூறு மடங்காகிறது. கூலரின் இரைச்சலோ இரண்டு மைக்குகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சேருகிறது. ஆகவே வாயருகே நீளும் தண்டு இல்லாத கருவி, எத்தனை ஆயிரம் விலையானாலும், இந்தக் கணக்கை எளிதில் வெல்ல முடியாது. அந்தப் பெண் அணிந்திருந்த கருவியில் மைக் காதருகே இருந்தது, தண்டு இல்லை.

நல்ல ஹெட்செட்டின் மைக்குக்கு முன்னும் பின்னும் திறப்பு உண்டு. தொலைவிலிருந்து வரும் ஒலி இரு திறப்புகளிலும் ஏறத்தாழ ஒரே வலிமையோடு நுழைந்து, தகட்டை இருபுறமும் தள்ளித் தன்னைத்தானே பெரும்பாலும் அழித்துக்கொள்கிறது. வாயின் ஒலி முன்புறத்தில் வலிமையாகவும் பின்புறத்தில் மெலிந்தும் நுழைவதால் நிலைத்து நிற்கிறது. இதனால்தான் மைக்கைத் திருப்பி வைத்தாலும், கழுத்துக்குக் கீழே இறக்கிவிட்டாலும் அதன் பயன் போய்விடுகிறது. வைக்கவேண்டிய இடம் வாயின் ஓரம். கன்னத்திலிருந்து இரண்டு விரல் இடைவெளி. வாய்க்கு நேரே வைத்தால் 'ப' என்னும்போதெல்லாம் மூச்சுக்காற்று மோதி, எதிரிலிருப்பவர் காதில் பட்டாசு வெடிப்பதுபோல் கேட்கும்.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். பெட்டியின்மேல் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று அச்சிட்டிருப்பார்கள். இரைச்சலை நீக்குவது என்று பொருள். யாருக்கு நீக்குவது? இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நான் இப்போது சொன்னது மைக்கில் நடக்கும் நீக்கம். அதனால் நன்மை அடைபவர் எதிரிலிருப்பவர். மற்றொன்று, வெளியொலியை உணர்ந்து அதற்கு எதிரான ஒலியைக் காதுக்குள் உண்டாக்கி அமர்த்தும் முறை. அதனால் நன்மை அடைபவர் அணிந்திருப்பவர். பின்னதற்குப் பெரிதும் பாடுபட்டவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஒருவரின் மகன். 1978இல் விமானப் பயணத்தின்போது தோன்றிய எண்ணத்தைத் தொடர்ந்து உழைத்து, 1989இல் விமானிகளுக்கான கருவியாக அவர் நிறுவனம் வெளியிட்டது. விமான இஞ்சின், கூலர், மின்விசிறி போன்ற இடைவிடாத தாழ்ந்த இரைச்சலை இம்முறை நன்றாக அமர்த்தும். பக்கத்து மேசைக்காரரின் வம்பை அவ்வளவாக அமர்த்தாது. கடையில் "நாய்ஸ் கேன்சலிங் உண்டா?" என்று மட்டும் கேட்காமல், "மைக்கிலா, காதிலா?" என்று கேளுங்கள். நேர்முகத் தேர்வுக்கு முதலில் வேண்டியது மைக்கில் உள்ளது.

கம்பியுள்ளதா, கம்பியில்லாததா என்ற கேள்விதான் நம் செயற்குழுவில் நெடுநேரம் நடந்தது. இளைஞர்கள் புளூடூத் வேண்டும் என்றார்கள். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் அரசனின் பட்டப்பெயரே இதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. 'நீலப்பல்' என்று பொருள். அரசன் பெயர் என்பதற்காக எல்லா இடத்திலும் முடிசூட்டிவிட முடியாது. புளூடூத் கருவியில் பாட்டு மட்டும் கேட்கும்போது ஒலி அகலமாக வருகிறது. மைக்கைத் திறந்த உடனே பழைய முறைக் கருவிகள் வேறொரு குறுகிய வழிக்கு மாறிக்கொள்கின்றன. அவ்வழியில் ஒலி 4,000 அதிர்வோடு நின்றுவிடலாம். சற்று மேம்பட்டவற்றில் 7,000, 8,000 வரை போகலாம். பாட்டுக் கேட்கும்போது இனித்த கருவி கூட்டத்தில் தகரக் குழாய்போல் ஒலிப்பதன் காரணம் இதுவே. எல்.ஈ. ஆடியோ என்னும் புதிய முறை இக்குறையை நீக்க வந்துள்ளது. ஆனால் ஹெட்செட், கணினி இரண்டுமே அம்முறையை அறிந்திருக்க வேண்டும். தவிர, மின்கலத்தில் ஏற்றம் இருக்கிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொது அறையில் அந்த 'யாராவது' என்பவர் கிடைப்பது அரிது. அலுவலகத்தில் எழுந்து நடமாடிக்கொண்டே பேசவேண்டிய பணியுள்ளவர்களுக்குக் கம்பியில்லாததன் சௌகரியம் பெரிது. அதை நான் மறுக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து பேசுகிறவர்களுக்குக் கம்பியே போதும்.

கம்பி என்றாலும் அதன் முனையைக் கவனிக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில், எது என்று சொல்லமாட்டேன், மிகக் குறைந்த விலை கேட்டவரிடம் பன்னிரண்டு ஹெட்செட்டுகளை மொத்தமாக வாங்கினார்கள். எல்லாம் கைப்பேசிக்கு உரிய ஒற்றை முனை உடையவை, 3.5 மில்லிமீட்டர் தடிமன். மூன்று கருவளையங்கள் போட்டிருக்கும். மேசைக் கணினிகளிலோ கேட்க ஒரு துளை, பேச ஒரு துளை என்று பச்சையும் இளஞ்சிவப்புமாக இரண்டு துளைகள். பச்சைத் துளையில் செருகினார்கள். பன்னிரண்டு பேருக்கும் மேலதிகாரி பேசியது கேட்டது. பன்னிரண்டு பேர் பேசியதும் மேலதிகாரிக்குக் கேட்கவில்லை. சிலர் அதையும் ஒரு வசதி என்றே கருதினார்கள் என்று கேள்வி. பிறகு இரண்டு கிளை உள்ள இணைப்புக் கம்பிகளைத் தனியாக வாங்கிச் சமாளித்தார்கள். யு.எஸ்.பி. முனை உள்ள ஹெட்செட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒலியை மின்குறியாக மாற்றும் பகுதி அதனுள்ளேயே இருப்பதால், கணினி பழையதானாலும் ஒலியின் தரம் பெரும்பாலும் மாறாது. முனை அகன்ற பழைய வடிவமா, 'சி' என்னும் புதிய வடிவமா என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் போதும்.

ஒரு காதுக்கா, இரண்டு காதுக்கா என்பது இடத்தைப் பொறுத்தது. கட்டுப்பாட்டு அறை, முன்பதிவு அலுவலகம் போன்ற இடங்களில் அருகிலிருப்பவர் கூப்பிட்டால் கேட்கவேண்டும். அங்கே ஒரு காது திறந்திருப்பதே நல்லது. இரைச்சலுள்ள இடத்தில் தனியே அமர்ந்து பேசுகிறவருக்கு இரண்டு காதும் மூடியது ஏற்றது. இரு செவிகளிலும் சேரும் ஒலி மூளையில் ஒன்றுகூடுவதால், குறைந்த ஒலியளவே போதுமானதாகிறது. ஒரு காதால் கேட்பவர் தம்மையறியாமல் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போவார்.

அடுத்தது உடற்சௌகரியம். வெளிநாட்டுக் குளிரை எண்ணிச் செய்த மெத்தைகள் நம் நாகபுரியின் மே மாதத்தைத் தாங்குவதில்லை. வெயில் 45 பாகையைத் தொடும் நாளில், தோல்போன்ற மெத்தை காதைச் சுற்றி வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது. ஓரிரு கோடைக்குள் கறுப்புச் செதில்களாக உதிர்ந்து சட்டைக் காலரில் விழுகிறது. நுரைப் பஞ்சு மெத்தை காற்றோட்டம் தரும். ஆனால் வெளியொலியை உள்ளே விடும். எதுவாயினும் கழற்றி மாற்றத்தக்க மெத்தை உள்ளதையே வாங்குங்கள். மெத்தை போனால் கருவியே போயிற்று என்ற நிலை கூடாது. காதின்மேல் அழுந்தி உட்காரும் வகை, மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கு அரை மணி நேரத்தில் தலைவலியைத் தரும். தோடும் ஜிமிக்கியும் அணிந்த நம் பெண்மக்களுக்கோ தோட்டின் திருகாணி பின்னே குத்தும். காதைச் சுற்றி அமரும் பெரிய கிண்ண வகையில் இத்துன்பம் குறைவு. இதைப் பெட்டியின்மேல் எவரும் அச்சிடுவதில்லை. வீட்டுப் பெண்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தன் குரல் தன் காதுக்குச் சிறிதளவு திரும்பக் கேட்கும் அமைப்பு ஒன்று உண்டு, 'சைடுடோன்' என்பார்கள். பழைய தொலைபேசியில் இது இயல்பாகவே இருந்தது. இரு காதும் மூடிய கருவியில் இது இல்லையென்றால், மனிதர் தாம் மெல்லப் பேசுவதாக எண்ணிக்கொண்டு உரக்கக் கத்துவார். அலுவலகத்தில் பலர் சேர்ந்து அமர்ந்திருக்கும் கூடத்துக்கு இவ்வமைப்புள்ளது நலம்.

இப்போது சொல்லப்போவதை இளைஞர்கள் கவனமாகக் கேட்கவேண்டும். நம் பிள்ளைகள் சிலர் வாடிக்கையாளர் சேவை நிறுவனங்களில் நாள்தோறும் எட்டு மணி நேரம் ஹெட்செட் அணிந்து உழைக்கிறார்கள். நம் உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழ 16,000 இருக்கின்றன. தலைமயிர் உதிர்ந்தாலும் முளைக்கும். இவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலில் உயர்ந்த ஒலிகளை உணரும் அணுக்களே கெடுவதால், கெட்டது தெரிவதற்கே ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட வரையறையின்படி, காதில் அணியும் கருவி வழியாக 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. 89 என்றால் வாரம் முழுவதற்கும் 5 மணி நேரம்தான். அலுவலகத்தில் 40 மணியும் முடித்துவிட்டுப் பேருந்தில் பாட்டும் கேட்பவர், கணக்கில் கடன் ஏற்றிக்கொண்டே போகிறார் என்று பொருள். அந்தக் கடனுக்குத் தவணை கிடையாது.

டெசிபல் அளக்கும் கருவி நம்மிடம் ஏது என்று கேட்பீர்கள். ஒருவர் கையெட்டும் தூரத்தில் நின்று இயல்பான குரலில் பேசும்போது, ஹெட்செட் அணிந்தவருக்கு அது அறவே கேட்கவில்லையென்றால், ஒலியளவைக் குறைக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். இரைச்சலை அமர்த்தும் கருவிக்கு மட்டும் இச்சோதனை பொருந்தாது. இரைச்சலுக்கு மேல் கேட்பதற்காகவே பெரும்பாலோர் ஒலியைக் கூட்டுகிறார்கள். ஆகவே கூலருக்கு அருகிலுள்ள மேசையை மாற்றிப் போட்டாலே பாதி நன்மை கிடைக்கும். அதற்குச் செலவும் இல்லை.

நம் மாடி அறைக்கு நான் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருப்பது இதுதான்: யு.எஸ்.பி. கம்பி, இரு காதுக்கும் கிண்ணம், வளைத்து நிறுத்தத்தக்க தண்டில் இரைச்சல் நீக்கும் மைக், கம்பியிலேயே ஒலியளவுக்கும் மைக்கை மூடுவதற்கும் பொத்தான், மாற்றத்தக்க மெத்தை. ஒன்று ஆயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். இரண்டு கணினிக்கு இரண்டும், பழுதானால் எடுக்க ஒன்றும், ஆக மூன்று. பத்தாயிரம் ரூபாய்க் கருவி ஒன்று வாங்கிப் பூட்டி வைப்பதைவிட இது நமக்குப் பயன்படும். வாங்குமுன் கடையிலேயே ஒருவர் கணினி முன் அமர்ந்து, மின்விசிறியை ஓடவிட்டு, தம் குரலைப் பதிவு செய்து, அதை மற்றொருவர் கேட்டுப் பார்க்கவேண்டும். இரண்டு நிமிட வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். சீதாபுல்டியில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

பலர் அணியும் கருவியாதலால் தூய்மை வேண்டும். நுரையுறை ஒரு ஜோடி ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக வாங்கி, பெயரெழுதிய சிறு பையில் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம், விலை அற்பம். காதில் சீழோ வலியோ உள்ள குழந்தையை அது குணமாகும் வரை ஹெட்செட் அணியவிட வேண்டாம் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில் ஒலியளவைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் அறையில் இருத்தல் நலம்.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் முதல் நாள் மாலையே வந்து, மைக்கைச் சரியான இடத்தில் வைத்துப் பேசிப் பழகிக்கொள்ளலாம். எதிர் முனையில் கேட்டுச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா? அலுவலகம் முடிந்து ஆறரை மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருப்பேன். அழைத்தால் என் கணினியிலிருந்து கேட்டுச் சொல்லுகிறேன்.